எர்த் எந்தப் பக்கம்னு பார்த்துட்டுக் கை வைங்க

வெள்ளிக்கிழமை நம்ம பழைய மோரிஸ் காருக்குப் பேட்டரி மாற்ற வந்தவர்கள் முனைகளை மாற்றி மாட்டியதில், சார்ஜைக் கட்டுப்படுத்துகிற கன்ட்ரோல் பாக்ஸ் கருகிப்போனது உங்களில் பலருக்குத் தெரியும். கருகிய பெட்டியின் படத்தைப் போட்டுவிட்டு அதோடு விட்டுவிடலாம் என்றுதான் இருந்தேன். ஆனால் நாலு நாளாக விசாரிப்பவர்கள் எல்லாரும் "தெரியாம நடந்துபோச்சு, விடுங்கக்கா" என்றே சொல்கிறார்கள். தெரியாமல் நடக்கவில்லை. நான் பக்கத்தில் நின்று சொன்னேன். ஒரு தடவை இல்லை, மூன்று தடவை. அதனால்தான் எழுதுகிறேன்.

இன்றைக்கு ரோட்டில் ஓடுகிற கார்களில் பேட்டரியின் நெகடிவ் முனைதான் பாடியோடு சேர்ந்திருக்கும். எங்கள் வண்டி 1951 மாடல் மோரிஸ் மைனர், 918 சிசி. அந்தக் காலத்து இங்கிலாந்துக் கார்கள் பலவற்றிலும், டிராக்டர்களிலும்கூட, பாசிடிவ் முனைதான் பாடிக்குப் போகும். பாடியோடு சேர்கிற முனைதான் எர்த், அதனால் இதைப் பாசிடிவ் எர்த் என்பார்கள். அறுபதுகளின் கடைசியில்தான் அங்கேயே நெகடிவ் எர்த்துக்கு மாறினார்கள். இந்த வரலாறு பேட்டரி கடைக்காரருக்குத் தெரிந்திருக்க வேண்டும் என்று நான் சொல்லவே இல்லை. பழைய பேட்டரியைக் கழற்றும் முன் பாடிக்குப் போகிற கம்பி எந்த முனையில் மாட்டியிருக்கிறது என்று ஒரு தடவை பாருங்கள். பிளஸ்ஸில் இருந்தால் புதிய பேட்டரியிலும் பிளஸ்ஸில் மாட்டுங்கள். இதற்குப் படிப்பு வேண்டாம், மீட்டர் வேண்டாம். பார்த்தால் போதும்.

வெள்ளிக்கிழமை என் தம்பி மகள் கல்யாணம். பெண்ணை இந்த வண்டியில்தான் மண்டபத்துக்குக் கூட்டிப் போக வேண்டும் என்பது அப்பா உயிரோடு இருந்தபோதே பேசி வைத்தது. வியாழக்கிழமை சாயங்காலம் ஸ்டார்ட்டர் இழுத்தால் 'டொக்' என்று ஒரு சத்தம் மட்டும். ஆறு வருஷப் பேட்டரி, இந்தக் கிருஷ்ணகிரி வெயிலில் அது அத்தனை நாள் உழைத்ததே பெரிது. காலையில் கடைக்குப் போன் செய்தோம். கடைக்காரரும் ஒரு பையனும் புதுப் பேட்டரியோடு வந்தார்கள்.

பானெட்டைத் திறந்ததும் சொன்னேன்: "தம்பி, இது பாசிடிவ் எர்த் வண்டி. பிளஸ்ஸைத்தான் முதல்ல கழட்டணும்." பையன் நின்றுவிட்டான். முதலாளியைப் பார்த்தான். அவர் சிரித்தார். "நெகடிவ்தாம்மா எர்த். எல்லா வண்டிக்கும் அதான். நீங்க உள்ள கல்யாண வேலையப் பாருங்க."

பையன் ஸ்பேனரை மைனஸ் முனையில் போட்டுத் திருப்பினான். ஸ்பேனரின் மறுமுனை பாடியில் பட்டது. நீலமாய் ஒரு பொறி தெறித்து, பையன் கையை உதறிக்கொண்டு பின்னால் போனான். எர்த்தை முதலில் கழற்றி, கடைசியில் மாட்டு என்பதே இதற்காகத்தான். எர்த் கம்பியைக் கழற்றும்போது ஸ்பேனர் பாடியில் பட்டால் ஒன்றும் ஆகாது. மற்ற முனையில் பட்டால் மொத்தப் பேட்டரியும் ஸ்பேனர் வழியாக ஷார்ட் ஆகும். "நெகடிவை முதலில் கழற்று" என்று மனப்பாடம் செய்தவர்கள் ஏன் என்று கேட்காமல் விட்டதால் வருகிற கோளாறு இது. இரண்டாவது தடவை சொன்னேன். "வீட்ல ஆம்பளைங்க யாராச்சும் இருந்தா வரச்சொல்லுங்கம்மா" என்றார்.

என் தம்பி வந்தான். அவனுக்கு இந்த வண்டியின் பானெட் கொக்கி எங்கே இருக்கிறது என்றுகூடத் தெரியாது. அவனைக் குறை சொல்லவில்லை, அவன் கவனமெல்லாம் பந்தியில். கடைக்காரர் ஏதோ சொன்னார், இவன் "சரிங்கண்ணா, சீக்கிரம் முடிங்க" என்று தலையாட்டிவிட்டுப் போய்விட்டான். முப்பது வருஷமாக இந்த வண்டிக்குத் தண்ணீர் ஊற்றி, ஆயில் மாற்றி, பிளக் துடைத்துப் போடுகிறவள் நான். ஒரு தலையாட்டலில் அதெல்லாம் இல்லாமல் போயிற்று.

அடுத்ததுதான் எனக்கு இன்னும் ஆறவில்லை. பேட்டரியின் இரண்டு முனையும் ஒரே தடிமன் இல்லை. பிளஸ் கொஞ்சம் தடிமன், மைனஸ் கொஞ்சம் மெலிசு. மேல்பக்கம் அளந்தால் பிளஸ் 17.5 மில்லிமீட்டர், மைனஸ் 15.9. மாற்றி மாட்டக்கூடாது என்றே அப்படிச் செய்கிறார்கள். எங்கள் எர்த் கிளாம்ப் பிளஸ் முனைக்கு உரியது. அதை மைனஸில் போட்டதும் லொடலொட என்று ஆடியது. மற்ற கிளாம்ப் பிளஸ்ஸில் இறங்கவே இல்லை. வண்டியே வாயைத் திறந்து "தப்பு" என்று சொல்லிவிட்டது, இதற்கு மேல் அது எப்படிச் சொல்லும்? ஆடியதற்குள் தகரத் துண்டை மடித்துச் செருகினார்கள். இறங்காததை ஸ்க்ரூ டிரைவரால் நெம்பி விரித்துச் சுத்தியலால் அடித்து இறக்கினார்கள். பேட்டரி முனையில் சுத்தியல்! ஈயம் அது, உள்ளே தட்டுகளோடு சேர்ந்தது.

ஸ்டார்ட்டர் சுற்றியது. சுற்றத்தான் செய்யும், அந்த மோட்டாருக்கு எந்தப் பக்கம் பிளஸ் என்பது கணக்கே இல்லை, எப்படி மாட்டினாலும் ஒரே திசையில்தான் சுற்றும். இன்ஜினும் பிடித்துக்கொண்டது. "பாத்தீங்களாம்மா, ஓடுது" என்றார். நான் டேஷ்போர்டைப் பார்த்தேன். சார்ஜ் ஆகவில்லை என்றால் எரிகிற சிவப்பு விளக்கு அணையவில்லை. ஆக்ஸிலேட்டரை அழுத்த அழுத்த இன்னும் பளிச்சென்று எரிந்தது.

இந்த விளக்கை எனக்கு நன்றாகத் தெரியும். நான் காலேஜில் படித்தபோது ஒரு ராத்திரி சேலத்திலிருந்து திரும்புகையில் தொப்பூர் கணவாயில் இதே விளக்கு எரிந்தது. இன்ஜின் ஓடும்போது பேட்டரிக்கு சார்ஜ் கொடுக்கிற டைனமோவின் பிரஷ் தேய்ந்து சார்ஜ் நின்றுவிட்டது. அப்பா வண்டியை ஓரம் கட்டி, வேண்டாததையெல்லாம் அணைத்துவிட்டு, வெறும் பேட்டரியிலேயே தர்மபுரி வரைக்கும் மெதுவாகக் கொண்டுவந்தார். லாரிகள் உறுமிக்கொண்டு போகிற அந்த ஏற்றத்தில் எனக்கு நெஞ்சு அடைத்தது. அவர் சொன்னது இது: "செவப்பு வெளக்கு எரிஞ்சா வண்டி ஏதோ சொல்லுதுன்னு அர்த்தம். நின்னு கேக்கணும்."

"ஆஃப் பண்ணுங்க, டைனமோ எதிர்ப்பக்கம் கரண்ட் குடுக்குது" என்று கத்தினேன். அது மூன்றாவது தடவை. டைனமோவின் இரும்பில் பழைய காந்தம் மிச்சம் இருக்கும். பேட்டரியைத் திருப்பி மாட்டினால் டைனமோ தானாகத் திரும்பிவிடாது, பழைய திசையிலேயே மின்சாரம் கொடுக்கும். வேகம் ஏறியதும் கன்ட்ரோல் பாக்ஸில் இருக்கிற கட்-அவுட் என்கிற தானியங்கி சுவிட்ச் டைனமோவையும் பேட்டரியையும் சேர்த்துவிடும். இரண்டும் ஒன்றோடு ஒன்று கூடி, பாய்கிற கரண்டில் அந்த சுவிட்சின் தொடுபுள்ளிகள் கருகி ஒட்டிக்கொள்ளும். அப்படியே நடந்தது. கடைக்காரர் இன்னும் ஒரு தடவை ஆக்ஸிலேட்டரை மிதித்தார், கன்ட்ரோல் பாக்ஸிலிருந்து புகை வந்தது. நீங்கள் பார்த்த படம் அதுதான். பெண் வாடகைக் காரில் மண்டபத்துக்குப் போனாள்.

"அந்தப் பையன் பாவம்" என்கிறீர்கள். பாவம்தான். அவன் மேல் எனக்குக் கோபமே இல்லை. நான் சொன்னதும் கையை நிறுத்தியவன் அவன் ஒருவன்தான்.

"ஊருக்கே ஒரு வண்டி, அதுக்காக எல்லாரும் கத்துக்கணுமா?" கற்றுக்கொள்ளச் சொல்லவில்லை, பார்க்கச் சொல்கிறேன். மேலே ஒரு தடவை எழுதிவிட்டேன், மறுபடியும் எழுதுகிறேன். கழற்றும் முன் பாருங்கள்.

"நெகடிவ் எர்த்துக்கு மாத்திட்டா தொல்லையே இல்ல." இதைச் சொன்னவர்கள் வண்டி தெரிந்தவர்கள், அதனால் பதில் சொல்கிறேன். மாற்றலாம். டைனமோவின் எஃப் (காந்தச் சுருளுக்குப் போகிற முனை) கம்பியைக் கழற்றி, பேட்டரியில் எர்த் ஆகாத முனையிலிருந்து ஒரு கம்பி எடுத்து அந்த எஃப்-பில் இரண்டு மூன்று தடவை தொட்டு எடுத்தால் காந்தம் திரும்பிவிடும். பிளக்குக்குப் பொறி தருகிற காயிலின் இரண்டு கம்பியையும் மாற்றிப் போட வேண்டும், இல்லையென்றால் பொறி பலவீனமாகும். பலர் செய்திருக்கிறார்கள், தப்பே இல்லை. ஆனால் அது நான் உட்கார்ந்து யோசித்து எடுக்க வேண்டிய முடிவு. கல்யாணக் காலையில், என் வாசலில், என்னைக் கேட்காமல் இன்னொருவர் எடுக்கிற முடிவு இல்லை.

"காயலான் கடைக்குப் போற வண்டிக்கு இவ்ளோ பேச்சா?" இதற்கு நான் பதில் சொல்லப் போவதில்லை.

கிருஷ்ணகிரி கே.ஆர்.பி. அணை கட்டும்போது ஓவர்சியராக இந்த ஊருக்கு வந்தவர் அப்பா. 1966இல் பெங்களூரில் பழைய வண்டியாக இதை வாங்கினார். எனக்குப் பத்து வயதில் ஸ்பேனரைக் கையில் கொடுத்து, "பூமிக் கம்பி முதல்ல கழட்டு, கடைசில மாட்டு" என்று சொல்லிக்கொடுத்தார். அண்ணனுக்கோ தம்பிக்கோ இல்லை, எனக்கு. பேட்டரி உட்காரும் மேடைக்குப் பின்னால், தகரத்தில், சிவப்புப் பெயிண்டில் அவர் கையெழுத்து இன்னும் இருக்கிறது: "பூமி +". உள்ளங்கை அகலத்துக்கு எழுதியிருக்கிறார். கடைக்காரரின் முகத்துக்கு நேராக இருந்தது. சுத்தியல் அடிக்கும்போது அவர் முழங்கை அதன் மேல்தான் உரசிக்கொண்டிருந்தது. நான் சொன்னதைக் கேட்க வேண்டாம், சரி. எழுதி வைத்ததையாவது படித்திருக்கலாமே.

பணம் திருப்பித் தருகிறேன் என்று கடைக்காரர் நேற்று ஆள் அனுப்பினார். நேரில் வரவில்லை. வாங்கவில்லை.

காவேரிப்பட்டணத்தில் ஒரு பெரியவர் இருக்கிறார், அப்பா காலத்து ஆட்டோ எலக்ட்ரீஷியன், இப்போது கடை இல்லை. ஞாயிற்றுக்கிழமை வந்து டைனமோவைப் பார்க்கிறேன் என்றார். போனில் அவர் முதலில் கேட்டது, "பாசிடிவ் எர்த்துதானம்மா?" எனக்குத் தொண்டை அடைத்துக்கொண்டது. புள்ளிகளைத் தேய்த்து எடுக்க முடியுமா என்று பார்த்துத்தான் சொல்வாராம். முடியாவிட்டால் வேறு பெட்டி வேண்டும். ஓசூர், தர்மபுரி, சேலம் பக்கம் யாரிடமாவது 1951 மோரிஸுக்குப் பொருந்துகிற கன்ட்ரோல் பாக்ஸ், வேலை செய்கிற நிலையில் இருந்தால் சொல்லுங்கள். நானே வந்து வாங்கிக்கொள்கிறேன்.