பர்லெஸ்க் என்றால் இறகு விசிறி மட்டும்தானா?

பர்லெஸ்க் என்ற மேடை ஆட்டத்தின் பெயரைக் கேட்டதும் இறகு விசிறியும், ஒவ்வொன்றாக உடையைக் கழற்றும் ஆட்டமும்தான் பலருக்கும் ஞாபகம் வருகிறது. எனக்கு இதில் ரொம்ப நாளாகவே எரிச்சல். அதெல்லாம் அமெரிக்காவில் பின்னால் வந்து ஒட்டிக்கொண்டது. அதற்கு முன்பு லண்டனில் அது சுத்தமான நையாண்டி நாடகம். பெரிய மனிதர்கள் பயபக்தியோடு பார்த்த ஓபரா என்ற இசை நாடகத்தையும் புராணத்தையும் ஷேக்ஸ்பியரையும் மேடையிலேயே கிண்டலடித்த நாடகம்.

அது வளர்ந்ததற்கு ஒரு கோணல் சட்டமும் காரணம். 1843 வரை லண்டனில் டிரூரி லேன், கோவென்ட் கார்டன் மாதிரி உரிமம் வாங்கிய அரங்குகளில்தான் முழு வசன நாடகம் போடலாம். மற்றவர்கள் நடுநடுவே பாட்டைச் செருகித் தப்பிக்க வேண்டும். சரி, பாட்டுதானே வேண்டும் என்று தெரிந்த மெட்டுகளுக்குப் புது வரி போட்டுக் கேலி செய்ய ஆரம்பித்தார்கள். 1831-இல் நடிகை மேடம் வெஸ்ட்ரிஸ் லண்டனின் ஒலிம்பிக் அரங்கைத் தன் பொறுப்பில் திறந்தபோது நாடக ஆசிரியர் பிளான்ஷே எழுதிய நாடகத்தில் கிரேக்கக் கடவுள்கள் உட்கார்ந்து சீட்டாடுகிறார்கள்! ஆனால் உடையலங்காரத்தில் கோமாளித்தனமே கூடாது, பழைய சிற்பங்களில் இருப்பதுபோல அச்சு அசலாக இருக்க வேண்டும் என்பது பிளான்ஷேயின் பிடிவாதம். அந்த உடையில் நின்றுகொண்டு லண்டன் தெருப் பேச்சு பேசினால் சிரிக்காமல் என்ன செய்வது? நல்ல பகடிக்கு இந்த நிதானம் வேண்டும். இன்று நையாண்டி என்ற பெயரில் வருபவற்றில் பாதி, முதல் காட்சியிலேயே 'நான் காமெடி' என்று முகத்தைக் கோணிக்கொண்டு வந்து நிற்கிறது.

அப்புறம் இங்கிலாந்து நடிகை லிடியா தாம்சன். 1868-இல் தன் குழுவோடு நியூயார்க் போய், கிரேக்கப் புராண மன்னன் இக்ஸியோனாக அவரே நடித்தார். பெண்கள் ஆண் வேஷம் கட்டி, காலோடு ஒட்டிய டைட்ஸ் போட்டு, சிலேடையும் அன்றைய செய்தியுமாக ஆண்களையே நக்கலடித்தார்கள். கூட்டம் அள்ளியது, கூடவே பத்திரிகைகள் ஒழுக்கம் போச்சு என்று குதித்தன. தெரிந்த கால்களைவிட அந்த வாய்தான் அவர்களை அதிகம் உறுத்தியது என்பது என் எண்ணம். சிகாகோ டைம்ஸ் ஆசிரியர் வில்பர் ஸ்டோரி இந்தப் பெண்களின் நடத்தையைப் பற்றிக் கேவலமாக எழுத, 1870-இல் லிடியா அவரை நடுத்தெருவில் குதிரைச் சவுக்கால் விளாசிவிட்டு நீதிமன்றத்தில் அபராதமும் கட்டினார். அடித்தது சரியா என்று கேட்காதீர்கள், எனக்குப் பிடித்திருக்கிறது.

உடை கழற்றும் ஆட்டம் மேலோங்கிய பிறகும் அதே மேடையில் நகைச்சுவைக் கலைஞர்கள் பிழைத்தார்கள். இதை யாரும் சொல்வதில்லை. 1937-இல் நியூயார்க் மேயர் லாகார்டியா அந்த அரங்குகளின் உரிமத்தைப் பிடுங்கி, 'பர்லெஸ்க்' என்ற பெயரையே பலகையில் போடக் கூடாது என்றார். அடுத்த வருஷமே ஆபட், காஸ்டெல்லோ என்ற நகைச்சுவை ஜோடி அந்த மேடைகளில் ஊறிய, பேஸ்பால் ஆட்டக்காரர்களின் பெயர்களை வைத்துக் குழம்பும் உரையாடலை வானொலியில் பேச, நாடே குடும்பத்தோடு உட்கார்ந்து கேட்டுச் சிரித்தது.