எத்தனை மில்லிகிராம்?

கஞ்சா சாக்லேட் தின்று விழுந்தவரை, கொடைக்கானல் பக்கத்து வட்டக்கானலில் ஓர் அறையில் எடுத்த அந்தக் காணொளியைப் பார்த்திருப்பீர்கள். அதற்குக் கீழே வந்த கருத்துகள்தான் மனதை அறுக்கின்றன. "ஒரு சாக்லேட் துண்டுதானே, கனடாவில் கடையிலேயே விற்கிறான்." விற்கிறார்கள். எத்தனை மில்லிகிராம் என்று கேட்டீர்களா?

கனடா 2018இல் கஞ்சாவைச் சட்டபூர்வமாக்கியது. தின்பண்டத்துக்கு 2019இல்தான் அனுமதி, அதுவும் ஒரு பாக்கெட் முழுவதற்கும் 10 மில்லிகிராம் டிஎச்சிக்கு (கஞ்சாவில் போதை ஏற்றும் பொருள்) மேல் கூடாது. அமெரிக்காவின் கொலராடோ மாநிலத்தில் துண்டுக்கு 10, பாக்கெட்டுக்கு 100. ஜெர்மனியின் 2024 சட்டத்தில், 21 வயதாகாதவர்களுக்கு கஞ்சா வளர்ப்போர் மன்றங்கள் கொடுக்கும் கஞ்சாவில் டிஎச்சி 10 சதவீதத்தைத் தாண்டக்கூடாது. அனுமதித்த அரசுகளே அளவு போட்டுத்தான் அனுமதித்தன.

இங்கே பாலித்தீன் கவரில் கைமாறும் சாக்லேட்டில் எண்ணே கிடையாது. கணக்குப் பாருங்கள். 20 சதவீத டிஎச்சி உள்ள கஞ்சாப் பூ 5 கிராம் என்றால் 1000 மில்லிகிராம் டிஎச்சி. சாக்லேட்டில் சேர்க்கும் வெண்ணெயில் பாதி இறங்கினாலும் 500. இருபத்தைந்து துண்டு போட்டால் சராசரி 20. புதிதாகச் சாப்பிடுபவருக்கு 2.5 போதும். அந்தச் சராசரியும் நிற்காது. டிஎச்சி கொழுப்பில் கரையும், தண்ணீரில் கரையாது. சரியாகக் கிண்டாவிட்டால் ஒரு மூலையில் 5, மறு மூலையில் 50.

புகைத்தால் சில நிமிடத்தில் தெரியும். தின்றால் அரை மணியிலிருந்து இரண்டு மணி நேரம்வரை ஆகும். ஈரல் அதை இன்னும் வீரியமான பொருளாக மாற்றி அனுப்புகிறது. "ஒன்றும் ஏறவில்லையே" என்று இரண்டாவது துண்டை வாயில் போடுவது இந்த இடைவெளியில்தான். பிறகு இரண்டும் சேர்ந்து ஏறும்.

"அப்போ நீ கஞ்சாவுக்கு ஆதரவா?" என்று உள்பெட்டியில் திட்டுகிறவர்களுக்கு: இல்லை. வீரியத்தைப் பற்றிப் பேசினாலே ஆதரவு என்றால், டாஸ்மாக் பாட்டிலில் 42.8 சதவீதம் என்று அச்சடிப்பதும் குடிக்கு ஆதரவா? நம் 1985 போதைப்பொருள் தடுப்புச் சட்டம் கஞ்சாவின் எடையைத்தான் பார்க்கிறது: ஒரு கிலோ வரை சிறிய அளவு, 20 கிலோவுக்கு மேல் வணிக அளவு. பூவில் 4 சதவீதமா 25 சதவீதமா என்று கேட்பதே இல்லை.

"உச்சவரம்பு வைத்தால் கள்ளச் சந்தைதான் வளரும்" என்பதில் ஓரளவு உண்மை உண்டு. ஆனால் இங்கே இருப்பது முழுக்கக் கள்ளச் சந்தைதானே! அளவு தெரியாமல் தின்றவர்கள்தானே இந்த மலையில் மயங்கி விழுகிறார்கள்!

காணொளியில் விழுந்தவருக்குக் கூட இருந்தவர்கள் ஆஸ்பத்திரியில் "சாப்பாடு ஒத்துக்கவில்லை" என்று சொன்னார்களாம். இனி யாரும் அப்படிச் சொல்லாதீர்கள். என்ன தின்றது, எத்தனை மணிக்கு, எத்தனை துண்டு, கூட மது குடித்ததா என்று டாக்டரிடம் உள்ளதைச் சொல்லுங்கள். மீதித் துண்டு இருந்தால் கையோடு கொண்டுபோங்கள். தின்றவர் கையில் வண்டியைக் கொடுத்து மலைப்பாதையில் இறங்கவிடாதீர்கள்.