தன்னம்பிக்கை வகுப்பு போதும், பதவியைக் கொடுங்கள்

மார்ச் மாதம் வந்தால் போதும், எங்கள் சுங்கை சிப்புட்டில் ஏதாவது ஒரு மண்டபத்தில் மகளிர் தன்னம்பிக்கை வகுப்பு நடக்கும். பேச்சாளர் கோலாலம்பூரிலிருந்து வருவார். நிமிர்ந்து உட்காருங்கள், கண்ணாடி முன் நின்று 'என்னால் முடியும்' என்று சொல்லுங்கள் என்பார். மீ கோரேங், தே ஓ, சான்றிதழ், குழுப்படம். திங்கட்கிழமை விடியலில் அதே பெண்கள் அதே சம்பளத்துக்கு ஈப்போ பக்கம் போகும் தொழிற்சாலை பஸ்ஸில் ஏறுவார்கள்.

நம் ஊர்ப் பெண்களுக்குத் தன்னம்பிக்கை குறைவு என்று யார் சொன்னது? விடியுமுன் பிள்ளையை ஆயாக் கொட்டகையில் விட்டுவிட்டு, ரப்பர்த் தோட்டத்தில் ஆணுக்குச் சமமாகப் பால்மரம் வெட்டியவர்கள் நம் அம்மாக்கள். ஆனால் பெரட்டில், அதாவது காலை ஆள் கணக்கெடுப்பில், பெயர் கூப்பிட்ட மேஸ்திரியான மண்டோர் ஆண், கணக்கெழுதிய கிராணி ஆண். 1943இல் நேதாஜியின் இந்திய தேசிய ராணுவத்தில் பெண்கள் பிரிவான ஜான்சி ராணிப் படைக்கு ஆள் சேர்த்தபோது தோட்டத்துப் பெண்களும் போய்த் துப்பாக்கி பிடித்தார்கள். பின்னாளில் அந்தப் படையின் துணைத் தளபதியான ஜானகி ஆதி நாகப்பனுக்குச் சேரும்போது வயது 18. பொறுப்பைக் கையில் கொடுத்தார்கள், செய்து காட்டினார்கள். அவ்வளவுதான்.

இன்றைக்கு மண்டோர் இடத்தில் சூப்பர்வைசர் இருக்கிறார். எங்கள் லைனில் ஓர் அக்கா உண்டு. காலை ஏழு மணிக்கு ஷிப்ட் மாறும்போது பார்க்க வேண்டும். இரவில் எந்த மெஷின் நின்று நின்று ஓடியது, யார் பிள்ளைக்குக் காய்ச்சல் என்று இன்று வரமாட்டாள், புதிதாக வந்த நேப்பாளத் தம்பியை எங்கே நிறுத்தினால் ரிஜெக்ட் குறையும், எல்லாம் அவர் விரல் நுனியில். சூப்பர்வைசர் அதைக் கேட்டு நோட்டில் எழுதிக்கொண்டு போய் ஒன்பது மணி மீட்டிங்கில் வாசிப்பார். மேனேஜருக்குத் தெரிவது வாசித்தவர் முகம் மட்டும். அக்கா இன்னும் 'ஆக்டிங்' லைன் லீடர்தான். அதற்கு அலவன்ஸும் இல்லை.

அதனால் நான் சொல்வது இது: அந்த நோட்டை நாமே எழுத வேண்டும். மலாயில், நம் பெயர் போட்டு, தேதி போட்டு. கடைத்தெருவில் பேசும் மலாய் வேறு, ரிப்போர்ட் மலாய் வேறு. கண்ணாடி முன் நிற்கும் நேரத்தில் அதைப் பழகலாம். கூச்சமாக இருந்தால் பள்ளிக்குப் போகும் நம் பிள்ளையே திருத்திக் கொடுக்கும்.

பயிற்சிக்குப் பணம் இல்லை என்று ஆபீஸில் சொன்னால் நம்பாதீர்கள். உள்நாட்டுத் தொழிலாளர்கள் 10 பேரோ அதற்கு மேலோ வேலை செய்யும் தொழிற்சாலை, அவர்களுடைய சம்பளத் தொகையில் 1 விழுக்காட்டை எச்ஆர்டி கோர்ப் என்ற அரசாங்கப் பயிற்சி நிதி அமைப்புக்கு லெவியாக, அதாவது கட்டாயக் கட்டணமாகக் கட்டுகிறது. நமக்குப் பயிற்சி கொடுக்கத்தான் அந்தப் பணம். சூப்பர்வைசர் பயிற்சிக்கு என் பெயரையும் சேருங்கள் என்று கேட்பது பிச்சை இல்லை.

பதவி தேடி வந்தும் வேண்டாம் என்ற பெண்களும் உண்டு. நேரம் கெட்ட நேரத்தில் கூப்பிடுவார்கள், பிள்ளையை யார் பார்ப்பது? நியாயமான கேள்விதான், ஆனால் அதை ஏன் பெண்ணிடம் மட்டும் கேட்கிறோம் என்று புரியவில்லை. (வீட்டில் இருக்கும் அண்ணன்மார்களே, சோறு வடிக்கப் பட்டம் தேவையில்லை.) 2023 ஜனவரி 1 முதல் வேலைச் சட்டத்தில் ஒரு வழி இருக்கிறது. வேலை நேரத்தை மாற்றித் தரும்படி எழுத்தில் விண்ணப்பித்தால், முதலாளி 60 நாளுக்குள் எழுத்தில் பதில் சொல்ல வேண்டும். மறுத்தால் காரணமும் சொல்ல வேண்டும். பிரசவ விடுப்பு 60 நாளிலிருந்து 98 நாளானதும் அதே திருத்தத்தில்தான். அது எல்லாருக்கும் தெரியும், இது பாதிப் பேருக்குத் தெரியாது.

ஆசிரியை ராசம்மா பூபாலனும் அவரோடு இருந்த மற்ற ஆசிரியைகளும் 1960களில் ஆணுக்கு நிகரான சம்பளம் கேட்டுப் போராடியபோது சங்கமாகத்தான் நின்றார்கள். தனியாகப் போனால் 'வாய் அதிகம்' என்பார்கள். நாலு பேர் சேர்ந்து போனால் நாற்காலி போடுவார்கள். அப்போதும் இழுத்தடித்தால், பெண் என்பதற்காக ஒதுக்குகிறார்கள் என்று புகார் கொடுக்க இப்போது தொழிலாளர் இலாகா இருக்கிறது. சம்பளச் சீட்டையும் நீங்கள் எழுதிய ரிப்போர்ட்டுகளின் நகலையும் மறக்காமல் எடுத்துப் போங்கள்.