6/6 என்று சொல்லி வாயை அடைக்காதீர்கள்

சனிக்கிழமை ஈரோட்டில் கண் பார்வை பற்றிய கூட்டத்தின் மேடையில் நடந்ததை நண்பர்கள் ஏற்கெனவே எழுதிவிட்டார்கள். நான் மறுபடியும் விவரிக்கப் போவதில்லை. கூட்டத்தில் ஒரு பெண் கேட்ட கேள்விக்கு, மேடையிலிருந்து "ஆறுக்கு ஆறு வந்துருச்சல்ல அம்மிணி, இன்னும் என்ன கொறைங்கறே?" என்று பதில் வந்ததும், அரங்கமே சிரித்ததும்தான் என்னை இதை எழுத வைக்கின்றன. கண்ணுக்குள் லென்ஸ் வைத்த பிறகு இரவில் விளக்குகளைச் சுற்றி வளையம் தெரிகிறதே, இது போகுமா போகாதா என்று மட்டும்தான் அவர் கேட்டார். அதில் சிரிக்க என்ன இருந்தது?

6/6 என்பது, அதாவது இயல்பான கண் ஆறு மீட்டரில் படிக்கும் எழுத்தை நாமும் ஆறு மீட்டரில் படிப்பது, பார்வையின் கூர்மைக்கான அளவு. பார்வையின் தரத்துக்கான அளவு அன்று. 1862-இல் ஸ்நெல்லன் என்ற கண் மருத்துவர் வெளியிட்ட அட்டையின் வழிவந்த அந்தப் பலகையில், வெள்ளைப் பின்புலத்தில் அழுத்தமான கறுப்பு எழுத்துகளை நாம் படித்துக் காட்டுகிறோம். எதிரே ஹெட்லைட் அடிக்கும்போது சாலையோரம் நடப்பவர் தெரிகிறாரா என்பதை அந்தப் பலகை கேட்பதே இல்லை. எழுத்தின் அளவு மாறாமல் நிறம் மட்டும் மங்கிக்கொண்டே போகும் பெல்லி–ராப்சன் அட்டை 1988-லேயே வந்துவிட்டது. அதை ஒருமுறை காட்டியிருந்தால் அந்தப் பெண்ணுக்குப் பாதி பதில் கிடைத்திருக்கும். நான் திருப்பூரில் செக்கிங் பிரிவில் வேலை செய்பவள். அளவு சரியாக இருக்கிறது என்பதற்காகச் சாயம் சீரில்லாத பனியனை நாங்கள் பெட்டியில் போடுவதில்லை.

என் கதையையும் சொல்லிவிடுகிறேன். எனக்குக் கிட்டப்பார்வை, மைனஸ் 13. அத்தனை பவரை லேசரால் சரிசெய்ய என் கார்னியாவின் (கண்ணின் முன்பக்கக் கண்ணாடிப் படலம்) தடிமன் போதாது என்பதால் ஐசிஎல் எனும், கண்ணுக்குள் வைக்கும் லென்ஸை வைத்தார்கள். கட்டைப் பிரித்ததும் முதலில் பார்த்தது என் கையைத்தான். அது பெரிதாகத் தெரிந்தது. மைனஸ் கண்ணாடி எல்லாவற்றையும் சிறிதாக்கிக் காட்டும் என்பதால், என் கையின் உண்மையான அளவே எனக்கு அதுவரை தெரியாமல் இருந்திருக்கிறது. அந்த நன்றி இன்றும் இருக்கிறது. ஆனால் இரவு ஷிப்ட் முடிந்து அவினாசி சாலையில் கம்பெனி வண்டியின் முன்சீட்டில் வந்தபோது, எதிரே வந்த ஒவ்வொரு விளக்கையும் சுற்றி ஒரு மெல்லிய வளையம் இருந்தது. விளக்குக்கும் வளையத்துக்கும் நடுவே இருட்டு. எல்ஈடி விளக்கு என்றால் வளையத்தோடு சேர்ந்து வெள்ளைக் கோடுகளும் நீண்டன. டிரைவர் அண்ணனிடம் கேட்டேன். அவருக்கு அப்படி எதுவும் தெரியவில்லை.

இது மனப்பிரமை அன்று, ஒளியியல். இந்த லென்ஸ் ஐரிஸுக்கு, அதாவது கண்மணியைச் சுற்றியுள்ள நிறத் திரைக்குப் பின்னால், நம் சொந்த லென்ஸுக்கு முன்னால் உட்காருகிறது. கண்ணுக்குள் சுரக்கும் நீர் தடையின்றி ஓடுவதற்காக, இப்போது வைக்கும் வகையின் நடுவில் 0.36 மில்லிமீட்டர் துளை ஒன்று உண்டு. துளை வந்ததால் ஐரிஸில் லேசரால் ஓட்டை போடும் வேலை மிச்சமானது, நல்ல விஷயம்தான். ஆனால் துளையின் சுவரில் பட்டுச் சிதறும் ஒளி வளையமாகத் தெரியலாம். போதாக்குறைக்கு, இளவயதினரின் கண்மணி இருட்டில் 6 மில்லிமீட்டருக்கு மேலும் விரியும். லென்ஸில் பவர் உள்ள பகுதி அதைவிடச் சிறியதாக இருந்தால் விளிம்பு வழியாகவும் ஒளி புகுந்து கூசும்.

"பெரும்பாலோருக்குப் போகப் போகப் பழகிவிடும்" என்பீர்கள். உண்மைதான், எனக்கும் பெருமளவு பழகிவிட்டது. அதை அந்தப் பெண்ணிடம் சொல்வதற்கென்ன? "இப்படி எழுதினால் ஜனங்கள் ஆபரேஷனுக்கே பயப்படுவார்கள்" என்பவர்களுக்கு நான் பதில் சொல்லப் போவதில்லை. முன்கூட்டியே சொன்னதால் பயந்தவர்களைவிட, சொல்லாததால் நடுரோட்டில் பயந்தவளை எனக்கு நன்றாகத் தெரியும். "நீ என்ன டாக்டரா?" என்பவர்களுக்கு: இல்லைங்க, வெறும் கண்.

சிரித்தவர்கள் இன்னொன்றையும் யோசிக்க வேண்டும். லென்ஸ் வைத்தாலும் அதிகக் கிட்டப்பார்வை உள்ள கண் நீண்ட கண்ணாகவேதான் இருக்கும். விழித்திரை கிழியும், விலகும் அபாயம் அப்படியே நிற்கும். மின்னல் போல ஒளி வெட்டுவதும், திடீரெனப் புள்ளிகள் மிதப்பதும், ஓரத்தில் திரை இறங்குவதும் அதற்கான அறிகுறிகள். வெளிச்சத்தைப் பற்றி வாயைத் திறந்தாலே கேலி செய்வார்கள் என்று ஒரு பெண்ணுக்குக் கற்றுக்கொடுத்துவிட்டால், நாளைக்கு உண்மையாகவே மின்னல் வெட்டும்போது அவள் யாரிடம் போய்ச் சொல்வாள்? மிச்சப் பவரா, சிலிண்டரா (ஒரு திசையில் மட்டும் மாறுபடும் பவர்), லென்ஸ் திரும்பிவிட்டதா, புரை தொடங்குகிறதா என்று பார்க்க வேண்டிய காரணங்கள் அத்தனை இருக்க, "என்ன கொறைங்கறே" என்பது எந்த வைத்தியம்?

எனக்கு வலித்தது அந்த "அம்மிணி"தான். எங்கள் ஊரில் பாசமாகக் கூப்பிடும் சொல்லாலேயே உட்கார வைத்துவிட்டார்கள். ஒரு ஆண் எழுந்து கேட்டிருந்தால் லென்ஸின் படத்தைத் திரையில் போட்டு விளக்கியிருப்பார்கள். சோடாபுட்டி போட்ட பெண்ணுக்கு வரன் அமையாது, தை பிறப்பதற்குள் கண்ணாடியைக் கழற்றிவிடலாம் என்று பெற்றோரிடம் எடுத்துச் சொல்ல எல்லாருக்கும் நேரம் இருக்கிறது. இருட்டில் உன் கண்மணி இவ்வளவு விரிகிறது, ஆகையால் இரவில் இப்படித் தெரியலாம் என்று கட்டிக்கப் போகிறவளிடம் சொல்ல மட்டும் நேரம் இருப்பதில்லை. பணம் எவ்வளவு என்று கேட்டுப் பாருங்கள்; அதை இரண்டு கண்ணுக்கும் சேர்த்து, பைசா சுத்தமாகச் சொல்வார்கள்.