நித்தியகல்யாணிச் சாறு நாயின் கட்டியைக் கரைக்காது

"இளம் நாய்க்குப் பிறப்புறுப்பில் கட்டி வந்து ரத்தம் சொட்டினால் அது கேன்சர். வீட்டில் இருப்பவர்களுக்கும் ஒட்டும். நித்தியகல்யாணி இலையை அரைத்துப் புகட்டினால் கரைந்துவிடும்." வாட்ஸ்அப்பில் சுற்றும் இந்தப் பேச்சில் முதல் வரி மட்டும் பாதி சரி.

பூக்கோசு போல் சிவந்து, தொட்டாலே ரத்தம் கசியும் அந்தக் கட்டி பெரும்பாலும் டிவிடி (TVT) எனப்படும், நாய்க்கு நாய் தொற்றும் கேன்சர் கட்டி. தெருநாய்கள் அதிகமுள்ள நம் ஊர்களில் இது சகஜம். இனச்சேர்க்கையிலும், நக்குவதிலும் கட்டியின் உயிருள்ள செல்களே ஒரு நாயிலிருந்து இன்னொரு நாய்க்குப் போய் ஒட்டி வளர்கின்றன. மனிதருக்குத் தொற்றாது. குழந்தைகளை நினைத்துப் பயந்து நாயைத் தெருவில் விடுவதுதான் கொடுமை.

இலை விஷயத்துக்கு வருவோம். இதற்கான மருந்து வின்கிரிஸ்டின், நித்தியகல்யாணியிலிருந்து எடுக்கப்படுவதுதான். வதந்திக்கு வேர் அங்கேதான். ஆனால் ஒரு கிராம் மருந்துக்கே நூற்றுக்கணக்கான கிலோ காய்ந்த இலை வேண்டும். அரைத்த சாற்றில் எது எவ்வளவு என்று யாருக்கும் தெரியாது; செடியோ நாய்க்கு விஷம். வாந்தி, பேதி, வலிப்புகூட வரலாம்.

மருத்துவர் வின்கிரிஸ்டினை ரத்தக்குழாயில் மட்டுமே போடுவார், வாரம் ஒருமுறை. ஊசி ரத்தக்குழாயை விட்டு விலகி மருந்து கசிந்தால் அந்த இடத்துச் சதையே அழுகிவிடும். வெள்ளணுக்கள் குறையும் என்பதால் இடையிடையே ரத்தப் பரிசோதனையும் உண்டு. பெரும்பாலான நாய்கள் நாலு முதல் ஆறு ஊசியில் முழுக்கக் குணமாகின்றன. முதலில் கட்டியிலிருந்து செல் எடுத்துப் பார்க்கச் சொல்லுங்கள். எல்லாக் கட்டியும் டிவிடி அல்ல.