மாநிலத்தில் பதிந்தால் மத்திய வரிவிலக்கு தானாக வருமா?

ஸ்டார்ட்அப் எனப்படும் புதுத்தொழில் நிறுவனத்தை 'ஸ்டார்ட்அப் டிஎன்' தளத்தில் பதிந்தாலே மத்திய அரசின் 3 ஆண்டு வருமான வரிவிலக்கும் கிடைத்துவிடும் என்று வாட்ஸ்அப்பில் சுற்றும் தகவல் தவறு. ஸ்டார்ட்அப் டிஎன் தமிழக அரசின் அமைப்பு. வருமான வரியோ மத்திய அரசின் கையில் இருக்கிறது.

முதலில் டிபிஐஐடி (தொழில், உள்நாட்டு வர்த்தக மேம்பாட்டுத் துறை) என்ற மத்தியத் துறையின் அங்கீகாரம் வேண்டும். அதுவும் போதாது. பலர் தடுமாறுவது இங்கேதான்: இந்த வரிவிலக்குக்கு (1961 வருமான வரிச் சட்டத்தில் 80-ஐஏசி பிரிவு) தனியாக விண்ணப்பித்து, அமைச்சகங்களுக்கு இடையிலான வாரியத்தின் சான்றிதழைப் பெற வேண்டும். பிரைவேட் லிமிடெட், எல்எல்பி (பங்குதாரர்களின் கடன் பொறுப்புக்கு வரம்பு உள்ள கூட்டாண்மை) நிறுவனங்களுக்கே இது பொருந்தும். சாதாரண பார்ட்னர்ஷிப் நிறுவனம் அங்கீகாரம் பெற்றிருந்தாலும் விலக்கு இல்லை.

இரண்டு அரசு, இரண்டு தளம். குழப்பம் வருவது இயல்புதான். ஆனால் சான்றிதழ் இல்லாமல் விலக்கு கோரினால் வரியோடு வட்டியும் கட்ட நேரிடும். பகிர்ந்தவர்கள் அதே குழுவில் இந்தத் திருத்தத்தையும் போடுங்கள்.