325 கிலோமீட்டருக்கு ஏன் ஒரு மணி நேரம்?

கோலாலம்பூர்–பினாங்கு 325 கி.மீ., மணிக்கு 800 கி.மீ. வேகத்தில் 25 நிமிடம் போதும் என்று கட்டுரையில் கணக்குப் போட்டிருக்கிறீர்கள். தூரம் சரி, வகுத்ததுதான் இடிக்கிறது. டிக்கெட்டில் உள்ள ஒரு மணி நேரம், விமானம் இங்கே கேட்டை விட்டு நகர்வதிலிருந்து அங்கே கேட்டில் நிற்கும்வரை. கோலாலம்பூர் விமான நிலையமான கேஎல்ஐஏ-வில் ஓடுபாதைக்கு ஊர்ந்து போகவே 10, 15 நிமிடம் ஆகலாம். 10,000 அடிக்குக் கீழே பொதுவாக 250 நாட் (knot) வேகம்தான் வரம்பு, அதாவது மணிக்கு சுமார் 463 கி.மீ. ஏறி முடித்த கையோடு இறங்கத் தொடங்கிவிடும்; 800-ஐத் தொட்டாலும் சில நிமிடம்தான். பினாங்கு விமான நிலையம் உள்ள பாயான் லெப்பாசில் இருப்பதோ ஒரே ஓடுபாதை. மாலை மழையில் வட்டமடிக்க வைத்தால் இன்னும் இழுக்கும். கோலாலம்பூருக்கு அருகிலுள்ள இன்னொரு விமான நிலையமான சுபாங்கிலிருந்து என்றால் சுமார் 280 கி.மீ. அங்கிருந்து ஏடிஆர் என்ற சுழல்விசிறி விமானத்தில் போனால் வேகம் மணிக்கு 500 சொச்சம்தான், ஆனாலும் இந்தக் குட்டித் தூரத்தில் பெரிய வித்தியாசம் தெரியாது.